எங்கள் அத்தான் குடிகாரராக நடித்தது

ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அது வீட்டுக்காரம்மா வீடு. அந்த அம்மா தன் வீட்டு ஆட்களிடம் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ் பேசுவார், டிவியிடம் மட்டும் இரண்டையும் கலந்து பேசுவார். கருப்பு வெள்ளை டிவி. மாடியில் கொடைக்கானல் டவர் பக்கம் திருப்பி வைத்த ஆண்டெனா. ஆடிக் காற்றில் அது கொஞ்சம் நகர்ந்துவிட்டால் போதும், படம் முழுக்க எறும்பு ஊரும். யாராவது மேலே ஏறி நின்று "இப்ப?" என்று கத்துவார்கள். நாங்கள் கீழேயிருந்து "இல்ல, இன்னும் செத்த திருப்புங்க" என்று கத்துவோம்.

கேபிள் எல்லாம் வருவதற்கு முந்தின காலம் அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாரத்துக்கு ஒரு தடவை தொடர் நாடகம் போடுவார்கள். நான் சாமிக்கு விளக்கேற்றி, நாமம் சொல்லி முடித்துவிட்டுத்தான் போவேன். அதில் ஒருநாளும் தவறியதில்லை. நாமத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொன்ன நாள் உண்டு. பெருமாள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

அரைமணி நேர நாடகத்தை நாங்கள் அடுத்த செவ்வாய் வரைக்கும் பேசுவோம். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்போடுகிற துணி நெய்யும் தறிகள் நிறைய. அந்தத் துணியை வீட்டுக்கு வாங்கி வந்து மடித்துக் கொடுப்பது காம்பவுண்டுப் பெண்களுக்குப் பகல் வேலை. வீட்டு ஆண்கள் மில்லுக்குப் போனதும் முற்றத்து நிழலில் பாய் விரித்து உட்காருவோம். கை பாட்டுக்கு மடிக்கும், வாய் பாட்டுக்கு நாடகத்தைப் பிரித்துப் போடும்.

நான் சொல்லப்போகிற தொடரில் ஒரு டீச்சர் பெண்தான் முக்கியம். தாய் இல்லாதவள். குடிகார அப்பா, அதுவரை பேச்சில்தான் வந்தாரே தவிர ஆளைக் காட்டவில்லை. தம்பி தங்கைகளை அவள்தான் கரையேற்ற வேண்டும். ஒரு வாரம் அவள் பள்ளிக்கூட மரத்தடியில் நின்று அழுதாள். மறுநாள் முற்றத்தில் அதே பேச்சு.

"அழும்போது பாத்தியா, மூக்கு நுனி செவந்துபோச்சு. அதாம்மா நடிப்பு" என்றார் வீட்டுக்காரம்மா.

"கருப்பு வெள்ளை டிவியில மூக்கு செவந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று நான் கேட்டேன்.

"மனசு வச்சுப் பாக்கிறவங்களுக்குத் தெரியும். பாகுந்தி, பாகுந்தி." ஒரு நடிப்பு பிடித்துவிட்டால் அந்த அம்மாவுக்குத் தெலுங்குதான் வரும். நல்லாயிருக்கு என்று அர்த்தம்.

பாய் வீட்டு அக்கா லேசில் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் எனக்குப் பக்கத்து வீடு. அவள் வீட்டுக்காரர் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். "அழுகையை விடுங்கம்மா. காபி குடுத்தாளே, அந்த டம்ளர்ல காபியே இல்ல. சூடா இருந்தா விளிம்பைப் பிடிப்போமா, அடியைப் பிடிப்போமா? அவ உள்ளங்கையில வச்சுத் தாங்கிட்டு வாரா. வெறும் டம்ளரு!" என்றாள். அதற்கு அப்புறம் நாங்கள் யாரும் அந்தத் தொடரில் காபியை நம்பவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் அத்தான் அந்தத் தொடரில் வரப்போகிறார் என்று தெரிந்தது.

அத்தான் என்றால் என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். காலையில் குளித்து, திருமண் இட்டு, கோயிலுக்குப் போய்த் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் கடைக் கதவைத் திறப்பார். காபி கூடக் குடிக்கிறதில்லை. சுக்குத் தண்ணீர்தான். ஒரே ஒரு பைத்தியம் உண்டு, அது நாடகம். திருவிழா மேடையோ பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ, ஒரு வேஷம் கிடைத்தால் போதும். வெட்டிப் போட்ட சட்டைத் துணியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். அவரோடு முன்னே மேடையில் நடித்த ஒருவர் மெட்ராசில் டிவி நாடகம் எடுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர்தான் கூப்பிட்டுவிட்டது. அத்தான் மெட்ராசுக்குப் போய் நடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். என்ன வேஷம் என்று கேட்டால், "அப்பா வேஷம். பாத்துத் தெரிஞ்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. காம்பவுண்டு முழுக்கச் சொன்னேன். குழாயடியில் சொன்னேன். துணி கணக்குப் பார்க்கிறவரிடம் கூடச் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரம்மா வீட்டில் உட்கார இடமில்லை, ஜன்னலிலும் ஆள்.

டீச்சரைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் பழத்தட்டு. அந்த நேரம் வாசலில் ஒரு ஆள். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருக்கிறது. தோளில் துண்டு நழுவுகிறது. வாய் ஒரு பக்கம் கோணி, கண் சொருகி... "அடியே, உங்க அத்தான்!" என்று பாய் வீட்டு அக்கா என் தொடையில் ஓங்கி அடித்தாள். எனக்கு ஒரு நிமிஷம் அடையாளமே தெரியவில்லை. தள்ளாடி வந்தார், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக் கண்டபடி உளறினார், குடலே வெளியே வருகிற மாதிரி இருமினார், கடைசியில் பழத்தட்டு மேலேயே விழுந்தார். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். டீச்சர் சுவரில் சாய்ந்து அழுதாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாகுந்தி!" என்று வீட்டுக்காரம்மா கை தட்டினார். "இந்த மாதிரி குடிகாரனை நான் நிஜத்துல கூடப் பாத்ததில்ல."

பாய் வீட்டு அக்காவே குறை சொல்லவில்லை. "இதுதான் அக்கா நடிப்பு. வாடையே அடிச்சுது" என்றாள் இன்னொருத்தி. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எங்க அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து நிற்கிறாள். "ஏட்டி, எப்படி நடிச்சாக?"

"ஏன், நீ பாக்கலையா?"

"எங்க பாக்க! நாடகம் ஆரம்பிக்கும்போது போன கரண்டு, முடிஞ்ச பொறவுதான் வந்துச்சு. அவிய தெருவுல நின்னு கரண்டுக்காரங்களைத் திட்டுன திட்டு இருக்கே. தான் நடிச்சதைத் தானே பாக்கல."

அப்போதெல்லாம் ஒரு தடவை போட்டால் போட்டதுதான். விட்டது விட்டதுதான். அதனால் நான் முற்றத்தில் எழுந்து நின்று அத்தான் நடித்ததை அப்படியே நடித்துக் காட்டினேன். பழத்தட்டுக்குப் பதில் மடித்து வைத்த துணிக்கட்டின் மேல் விழுந்தேன். அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் ஊருக்குப் போய் அத்தானிடம் சொல்ல, அவருக்குப் போதாமல் அவரே அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுபடியும் நடித்துக் காட்டினேன். "தத்ரூபம் அத்தான், தத்ரூபம்" என்று சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

முதலில் கடையில்தான் ஆரம்பித்தது. ரவிக்கைத் துணி கொடுத்திருந்த ஒரு அம்மா வந்து, தைக்க வேண்டாம், துணியைக் கொடுங்கள் என்று கேட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "கை நடுக்கத்துல கோணலா வெட்டிட்டா என்ன செய்ய?" என்றார்களாம். கோயிலில் ஒரு பெரியவர் அத்தானைத் தூணோரம் கூட்டிப்போய், "இனிமே தொடாதப்பா, பெருமாள் பாத்துப்பார்" என்று தீர்த்தத்தை இரண்டு தடவை வாங்கிக் குடிக்கச் சொன்னாராம். பஸ் ஸ்டாண்டில் நிஜமாகவே தண்ணி போட்டிருந்த ஒருவன் தோளில் கைபோட்டு, "அண்ணே, நம்ம கஷ்டத்தை ஊருக்கு எடுத்துச் சொன்னது நீதான்" என்று அழுதானாம். அத்தான் இதையெல்லாம் பெருமையாகத்தான் சொன்னார். ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் எது என்றார்.

அக்கா மட்டும் பெருமைப்படவில்லை. ஏனென்றால் அக்கா மகளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்னே வந்த ஜாதகங்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப் போயின. இது ஒன்றுதான் நட்சத்திரம், பொருத்தம் எல்லாம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு ஆலங்குளத்தில் சிமெண்ட் பேக்டரியில் வேலை. எங்களுக்கு உறவான தேவதானத்து மாமா கொண்டுவந்த சம்பந்தம். ஒரு கல்யாண வீட்டில் பிள்ளையும் பெண்ணும் தூரத்திலிருந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்தும் இருந்தார்கள். பிடித்திருக்கிறது என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஆலங்குளம் பஸ் எந்நேரம் எல்லாம் இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லுவாள். எங்களுக்குத் தெரியாதா!

தேவதானத்து மாமா ஒருநாள் தொங்கிய முகத்தோடு வந்தார். "அந்த ஊர்ல எல்லாரும் டிவி பாத்திருக்காக. பொண்ணோட அப்பா குடிப்பாரு போலயே, குடிக்காத மனுசனால இம்புட்டு அச்சு அசலா நடிக்க முடியுமான்னு பேச்சு. மாப்பிள்ளையோட அப்பா ரொம்ப யோசிக்காரு."

"அம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"அந்த அம்மா ஒண்ணுமே சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு. நேர்ல வந்து பாத்துட்டு முடிவு சொல்லுதோம்னு மட்டும் சொன்னாக."

ஆக, நன்றாக நடித்ததே குற்றமாகிவிட்டது. அக்கா என் வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. பொண்ணு வாழ்க்கை, அம்மா, நீதான் பார்க்கணும், கல்யாணம் முடிஞ்சா மாலை சாத்துறேன் என்று தாயாரிடம் சொன்னேன். அதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்.

பாய் வீட்டு அக்காதான் ஒரு வழி சொன்னாள். "இதுக்கு ஏன் அழுவுறீங்க? நடிப்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க. அவங்க வந்து உட்கார்ந்ததும், 'என்னத்த நடிச்சாரு, ஒரு தள்ளாட்டம் கூட ஒழுங்கா வரலை'ன்னு ஆளுக்கு ஒரு குறை சொல்லுங்க. மோசமா நடிச்சாருன்னா குடிப்பழக்கம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"பொய் சொல்லலாமா அக்கா?" என்று நான் கேட்டேன்.

"நடிப்பைப் பத்திச் சொல்றதுல பொய் எங்க இருக்கு? அது அவங்க அவங்க அபிப்பிராயம். அந்த டீச்சர் அழுகையைப் பத்தி நீயும் நானும் என்னைக்காவது ஒத்துப்போனோமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. அத்தானிடம் அக்கா எடுத்துச் சொன்னாள். அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாராம். பிறகு, "என் பொண்ணுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கேன்" என்றாராம்.

பெண் பார்க்க நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் கழிந்து காலையிலேயே வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, கூடத் தேவதானத்து மாமா. என் வீட்டுக்காரருக்கு ஷிப்டு என்பதால் நான் மட்டும் முன்னாடியே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். பழத்தட்டைக் கூடத்தின் நடுவில் வைத்திருந்தாள் அக்கா. நாடகத்தில் வந்தது ஞாபகம் வந்து நான் அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா உட்காரும்போதே மூக்கை லேசாக உறிஞ்சிப் பார்த்தார். அத்தான் மேல் சந்தன வாசனைதான் அடித்தது. அதுவும் அவருக்குச் சந்தேகமாகப் போய்விட்டது போல, இன்னொரு தடவை உறிஞ்சினார். மாப்பிள்ளையின் அம்மா குள்ளமாக, கெட்டிக் கொண்டை போட்டு, சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கண் மட்டும் அத்தானிடம் இருந்தது.

"அண்ணாச்சி, டிவியில பாத்தோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா தொடங்கினார்.

அத்தான் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்துவிட்டது. "பாத்தீகளா! எப்படி இருந்துச்சு?"

அக்கா குறுக்கே பாய்ந்தாள். "அதை ஏன் கேக்கீக அண்ணே. ஒண்ணும் சரியில்ல. குழறலா அது? பல்லு வலிக்காரன் பேசுற மாதிரி இருந்துச்சு."

"தள்ளாட்டமும் அப்படித்தான்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். "பச்சப்புள்ள நடை பழகுற மாதிரி. எங்க காம்பவுண்டுல எல்லாரும் சிரிச்சிட்டாக."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

"நீங்க நல்லாப் பாத்தீகளா மதினி?" என்று மாப்பிள்ளையின் அப்பா அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அன்னைக்கு எங்க ஊர்ல கரண்டு இல்லண்ணே. எல்லாம் இவ சொன்னதுதான்."

"நீ என்ன சொன்ன?" அத்தான் என் பக்கம் திரும்பினார். குரல் உயர்ந்துவிட்டது. "தத்ரூபம்னு சொல்லலை? எழுந்து நின்னு நடிச்சே காட்டலை?"

"அது... உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன் அத்தான்."

"அந்த இருமலு? அதுவும் நல்லா இல்லையா?"

"இருமல் என்ன பெரிய இருமல்" என்றாள் அக்கா. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "மெட்ராசுத் தண்ணி ஒத்துக்கிடாம அவியளுக்கு அன்னைக்கு நிஜமாவே ஜலதோசம்."

அதோடு போயிற்று. தள்ளாட்டத்தைச் சொன்னார்கள், பொறுத்தார். குழறலைச் சொன்னார்கள், பொறுத்தார். இருமலைச் சொன்னதும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "ஜலதோசமா? ஏ, அந்த இருமலுக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? மெட்ராசுக்குப் போறதுக்கு முன்னாடி சாயங்காலம் சாயங்காலம் பிராந்திக் கடை வாசல்லயே போய் நின்னு, ஒவ்வொருத்தனா பாத்துப் பாத்துப் பழகுனது அது!"

"பிராந்திக் கடை வாசல்லயா?" என்று மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகக் கேட்டார்.

தேவதானத்து மாமா மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். உள்ளே அடுப்படியில் ஒரு தட்டு கீழே விழுந்து சுற்றிச் சுற்றி ஓய்கிற சத்தம் கேட்டது. உள்ளே நின்றது அக்கா மகள். நான் தாயாரைக் கூடக் கூப்பிடவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, செத்த உட்காருங்க. நீங்க வீட்டுக்குள்ள வந்த கட்டம் ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம?" அத்தான் உட்கார்ந்தார்.

"தெருவுல வரும்போது நல்ல தள்ளாட்டம். குறை சொல்ல முடியாது. இவிய ரெண்டு பேரும் சொல்லுதது பொய்யி." எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கண்ணு சொருகி, துண்டு நழுவி, நான் பயந்தே போனேன். வாசலுக்கு வந்தீக. நிலைப்படிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சிருந்தாக. அதைக் கண்டதும் நின்னீக. நிதானமா செருப்பைக் கழட்டுனீக. அதை ஜோடியா சேத்து ஓரமா வச்சீக. வலது காலைத் தூக்கிப் படியில படாம உள்ள வச்சீக. குனிஞ்சு படியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீக. பொறவு நிமிந்து, திரும்பவும் தள்ளாட ஆரம்பிச்சீக."

நான் மனதுக்குள் அந்தக் கட்டத்தை ஓட்டிப் பார்த்தேன். ஆமாம். அப்படித்தான் வந்தார். நானும் பார்த்தேன், பாய் வீட்டு அக்காவும் பார்த்தாள், ஜன்னலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எங்கள் கண்ணுக்கு அது உறுத்தவே இல்லை. வீட்டுக்குள் நுழைகிறவர் வேறு எப்படி நுழைவார்? நாங்களும் அப்படித்தானே நுழைகிறோம். படம் எடுத்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அந்த அம்மா குரலைத் தணித்துச் சொன்னார். "எங்க அப்பா குடிப்பாக. வெள்ளிக்கிழமை எங்க அம்மா நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவா. அன்னைக்குப் பொழுது சாய அந்த மஞ்சள் எங்க அப்பா செருப்புலதான் இருக்கும். பூசுறதும் மிதிக்கிறதுமா நான் வளந்தேன். அதனால டிவியில ஆராச்சும் குடிச்சிட்டு வந்தா நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன். காலைத்தான் பாப்பேன்." தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இவுக மூஞ்சி குடிகார மூஞ்சிதான். காலு கோயிலுக்குப் போற காலு. எனக்கு அன்னைக்கே மனசு நெறஞ்சு போச்சு. ஊர்க்காரங்க பேசட்டும், நேர்ல ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுவோம்னுதான் சும்மா இருந்தேன்."

அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்தது. எங்கேயோ மெட்ராசில், பலகையில் செய்த வீட்டில், செட்டுப் போடுகிற ஆட்கள் பூசிய மஞ்சளுக்கு ஒரு மனிதர் குனிந்திருக்கிறார். இந்தப் பெண்ணின் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. நான் இங்கே உட்கார்ந்து மாலை நேர்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாரும் நெகிழ்ந்து உட்கார்ந்திருக்கும்போது அத்தான் மட்டும் இடி விழுந்தவர் மாதிரி இருந்தார். "ஐயையோ" என்றார். "படியைத் தொட்டுக் கும்பிட்டனா? ஒருத்தனும் சொல்லலையே! இன்னொரு தடவை எடுத்திருப்போமே! குடிகாரன் படியைத் தொட்டுக் கும்பிடுவானா? கட்டமே கெட்டுப்போச்சே!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அதுவரை தலை நிமிராமல் இருந்த பிள்ளை அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அப்புறம் அவன் அப்பா. அப்புறம் வீடே சிரித்தது. அடுப்படிக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அத்தானுக்கு ஆறவில்லை. "சரிம்மா, படிக்கு முந்தி வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னீக. படிக்குப் பொறவு?"

"அண்ணாச்சி, அதெல்லாம் சம்பந்தம் பேசி முடிச்ச பொறவு ஆற அமரப் பேசுவோம். முதல்ல பொண்ணை வரச் சொல்லுங்க."

அக்கா மகள் வந்து விழுந்து கும்பிட்டாள். அந்த அம்மாவே கொண்டுவந்த பூவை அவள் தலையில் வைத்தார். ஓரமாக வைத்த பழத்தட்டு மறுபடியும் நடுவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா இப்போது மூக்கை உறிஞ்சவில்லை. அத்தானிடம், அந்த டீச்சர் நிஜத்தில் எப்படிப் பேசுவாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கை நனைத்ததும் எல்லாருமாகத் தாயாரைச் சேவிக்கப் போனோம். போகிற வழியெல்லாம் சம்பந்தியம்மாவும் நானும் அந்தத் தொடரைத்தான் பேசிக்கொண்டு போனோம். காபி டம்ளர் விஷயத்தை நான் சொன்னதும் அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். "ஆமா மதினி! எனக்கு அது தோணவே இல்லையே!" உங்கள் பக்கத்து வீட்டு அக்காவை நான் பார்க்க வேண்டும் என்றார். சரியான ஆளுக்குச் சரியான ஆள்தான்.

கோயிலுக்குள் நுழைகிற இடம் வந்தது. அத்தான் முன்னால் போனார். என்னவோ எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம். அக்கா, நான், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, தேவதானத்து மாமா கூட, அத்தனை பேரும் நின்று அத்தான் காலையே பார்த்தோம். அவர் தற்செயலாகத் திரும்பி இதைக் கண்டுவிட்டார். எந்தக் காலைத் தூக்குவது என்று அவருக்கே குழம்பிவிட்டது. வலதைத் தூக்கினார், வைத்தார், இடதைத் தூக்கினார், அதையும் வைத்தார். தினமும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற படி. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதில் தடுக்கி, துண்டு ஒரு பக்கம் பறக்க, எதிரே இருந்த தூணைப் போய்க் கட்டிப்பிடித்தார்.

"இது! இதுதான் அண்ணாச்சி குடிகாரன்" என்றார் சம்பந்தியம்மா. "இதை அன்னைக்குச் செய்யாம விட்டீகளே!"

அத்தான் தூணை விடாமலே, "நல்லவேளை செய்யலை தாயி" என்றார்.